பாரம் மிஞ்சினால் எதை எறிவது?

தூத்துக்குடி என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? முத்து என்பார் சிலர். உப்பு என்பார் சிலர். 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை என்று தேசபக்தர்கள் சொல்வார்கள். வீட்டுக் குழந்தைகளைக் கேட்டாலோ, ஒரு விநாடி கூட யோசிக்காமல் 'மக்ரூன்' என்று சொல்லிவிடும்! இந்த நாலில் எதுவும் தவறில்லை. ஆனால் நான் அந்த ஊர்த் துறைமுகத்துக்குப் போனது இவற்றில் ஒன்றுக்காகவும் அல்ல. கைபேசியைப் பற்றிய ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வதற்காக!

சந்தேகம் வாசக சகோதரி ஒருவருடையது. அவர் எழுதியிருந்தார்: "கைபேசியில் மின்சாரக் கட்டணம் கட்டுகிறேன். ரகசிய எண் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் அந்தண்டைப் போய்விட்டுத் திரும்பினால், பணம் கட்டும் பக்கத்தைக் காணோம். முதலிலிருந்து தொடங்கு என்கிறது. தொடங்குவதற்குள் எண் காலாவதியாகிவிடுகிறது. நான் மூடவில்லை. என் பெண்ணும் மூடவில்லை. பின்னே யார்தான் மூடினார்கள்?"

நல்ல கேள்வி. பாங்கிச் செயலிகளில் சில, பத்திரத்தை உத்தேசித்துத் தாமே மூடிக்கொள்வது உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெரும்பாலான சமயங்களில் மூடியவர் வேறு ஒருவர். கைபேசிக்குள்ளேயே அவர் குடியிருக்கிறார். அவருக்குக் 'கெர்னல்' என்று பெயர். பட்டாளத்துக் கர்னல் அல்ல. தேங்காய்க்குள்ளே பருப்பு இருக்கிறதே, அந்தப் பருப்புக்கு ஆங்கிலத்தில் கெர்னல் என்று பெயர். ஓட்டுக்குள் ஒளிந்திருந்துகொண்டு மொத்தக் கம்ப்யூட்டரையும் நடத்துகிறவர் அவர். எந்தச் செயலிக்கு எவ்வளவு இடம், எவ்வளவு நேரம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அவருடைய உத்தியோகம்.

பின்லாந்து தேசத்தில் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991-ல் எழுதி வெளியிட்ட கெர்னலுக்கு 'லினக்ஸ்' என்று பெயர். ஆண்டிராய்டு கைபேசிகள் அத்தனைக்குள்ளும் இருப்பது அதுதான். சென்னையிலுள்ள ஸி-டாக் நிலையம் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' என்ற நம் நாட்டு ஏற்பாட்டுக்கும் அதுவே அஸ்திவாரம். ஆகவே இது ஏதோ சீமைச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் இடுப்புப் பையில் இருக்கும் சமாசாரம்!

தண்டல் சொன்ன கணக்கு

பழைய துறைமுகத்தில் தோணிகளைப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தால் கட்டிய பெரிய வயிற்றுக்காரிகள். காய்கறியும் கட்டிட சாமான்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வருகிறவை. ஒரு காலத்தில் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் ஓயாமல் நடந்தவை. தோணியின் தலைவருக்குத் 'தண்டல்' என்று பெயர். வேலையிலிருந்து ஓய்ந்துபோன ஒரு தண்டல், கரையில் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, நடுக்கடலில் காற்று பிடித்துக்கொண்டது, தோணிக்குள் தண்ணீர் ஏறுகிறது, பாரம் தாங்காது என்று தெரிந்துவிட்டது. அப்போது என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்ய, தம்பி? சரக்கைக் கடல்ல எறியதுதான்."

"எந்தச் சரக்கை முதலில்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேல கிடக்கது, கனமா உள்ளது, கைக்குச் சட்டுனு வாறது. நூறு சின்னச் சிப்பத்தை எறிஞ்சுட்டு இருக்க நேரம் கிடையாது. நாலு பெரிய மூட்டை போச்சுன்னா தோணி எந்திரிச்சுக்கிடும்."

"எறியவே கூடாதது என்று ஏதாவது உண்டா?"

"குடிதண்ணிப் பீப்பாய். திசை பாக்குற பெட்டி. சுக்கான். இதுல கை வைக்கவன் தண்டல் இல்ல, பைத்தியக்காரன்."

சகோதரியின் கேள்விக்குப் பாதி பதில் அந்தக் கயிற்றுச் சுருளின் மேலேயே கிடைத்துவிட்டது. கெர்னலும் ஒரு தண்டல்தான். அவர் என்ன செய்கிறார் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஆயிரம் பத்திரிகை, ஐந்நூறு இலை

கம்ப்யூட்டரில் இரண்டு விதமான இடம் உண்டு. ஒன்று, வேலை செய்கிற இடம்: சமையல் மேடை மாதிரி. இதுதான் நினைவகம். மற்றொன்று, சாமான் போட்டு வைக்கிற இடம்: பரண் மாதிரி. படங்கள், பாட்டுகள் எல்லாம் பரணில் கிடக்கும். வேலைக்கு வேண்டுமானால் மேடைக்கு இறங்கி வந்தாக வேண்டும். பரண் பெரிது, மேடை சின்னது. சகல சங்கடங்களுக்கும் மூலம் இதுவே.

கெர்னல் இந்த மேடையை ஒரே அளவான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார். துறைமுகத்தில் 20 அடிப் பெட்டிகளை அடுக்குகிறார்கள் பாருங்கள், உள்ளே முந்திரியோ பஞ்சோ, பெட்டி ஒரே அளவு, அப்படி. ஒரு கட்டம் சாதாரணமாக 4,096 எழுத்துகள் கொள்ளும். 1 ஜி.பி. நினைவகம் என்றால் 2,62,144 கட்டங்கள்.

செயலிகள் இந்தக் கட்டங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை நடக்கிறது. செயலிகள், கல்யாண வீட்டுக்குச் சாமான் ஜாபிதா போடும் மாமாவைப் போல, தேவைக்கு மேல் தாராளமாகக் கேட்கும். கெர்னலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் உடனே கட்டத்தைக் கொடுக்கமாட்டார். செயலி உண்மையாகவே எழுதத் தொடங்கும்போதுதான் கட்டம் கைமாறும். ஆயிரம் பத்திரிகை அனுப்பிவிட்டு ஐந்நூறு இலைக்குச் சமையல் செய்கிற சாமர்த்தியம்தான் இது. வழக்கமாக ஐந்நூறு பேர்தான் வருவார்கள். பண்டமும் வீணாகாது. நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் இந்தச் சாமர்த்தியத்துக்குப் புகழ்தான் கிடைக்கும்.

நூறாவது நாள் ஆயிரம் பேரும் வந்து நின்றால்?

தொட்டியில் மூன்று கோடு

அந்த ஆபத்து திடீரென்று வருவதில்லை. தண்ணீர்ப் பஞ்சம் அறிந்த குடும்பத் தலைவி தொட்டியைக் கவனிப்பது போலக் கெர்னலும் கவனிக்கிறார். அவருடைய தொட்டியில் மூன்று கோடுகள் உண்டு. காலி இடம் நடுக் கோட்டுக்குக் கீழே இறங்கினால், இதற்கென்றே தூங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆள் எழுந்து சுத்தம் செய்யத் தொடங்குவான். மேல் கோடு வந்ததும் மறுபடி தூங்கப் போய்விடுவான். அடிக் கோட்டுக்கே இறங்கிவிட்டால், இடம் கேட்டு வந்த செயலியையே நிறுத்தி, "நீயும் கொஞ்சம் பெருக்கிவிட்டு வாங்கிக்கொண்டு போ" என்பார். கைபேசி சில சமயம் திக்கித் திணறுவது அதனால்தான்.

சுத்தம் செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. பரணில் மூலப் பிரதி இருக்க, சௌகரியத்துக்காக மேடையில் ஒரு நகல் வைத்திருந்தால், அதுதான் முதலில் போகும். அழித்தாலும் நஷ்டமில்லை, வேண்டுமானால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, திருத்தம் செய்யப்பட்ட ஏடுகள். அவற்றைப் பரணில் எழுதி வைத்துவிட்டுத்தான் அழிக்கவேண்டும். அதற்கும் அடுத்தது, செயலிகள் நெடுநேரம் தொடாத கட்டங்கள். அவற்றையும் பரணுக்கு அனுப்பிவிட்டு, கேட்டபோது இறக்கித் தருவார்.

சின்ன மேடையையும் பெரிய பரணையும் தானாகவே ஏற்றி இறக்கி, பார்ப்பவர்களுக்கு ஒரே பெரிய மேடை போலத் தோன்றச் செய்யும் இந்த வித்தை இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலையின் 'அட்லஸ்' என்ற யந்திரத்தில் 1962-லேயே அரங்கேறியது. இன்றைய கைபேசிகள் இன்னொரு தந்திரமும் செய்கின்றன. பரணுக்கு அனுப்பாமல், டிரங்குப் பெட்டியில் புடவைகளை மடித்து அழுத்தி அடுக்குவது போல, மேடையிலேயே சுருக்கி வைக்கின்றன.

ஆனால் ஏற்றி இறக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. சுழலும் தட்டுள்ள பழைய பரணிலிருந்து ஒன்றை எடுக்க, மேடையிலிருந்து எடுப்பதைப் போல ஏறக்குறைய லட்சம் மடங்கு நேரம் ஆகும். மேடையில் ஒரு நிமிஷம் என்றால், பரணில் 69 நாள்! மிளகாயை இறக்க மல்லியை ஏற்றி, மல்லியை இறக்க மிளகாயை ஏற்றி, ஏணியிலேயே பொழுது போய்விட்டால் குழம்பு எப்போது கொதிப்பது? யந்திரம் இப்படி வேலையே செய்யாமல் ஏறி இறங்கித் தவிக்கும் நிலையைப் பற்றி 1968-ல் அமெரிக்கரான பீட்டர் டென்னிங் ஆராய்ந்து எழுதினார். ஒரே சமயத்தில் அளவுக்கு மிஞ்சிய வேலைகளை உள்ளே விடாதிருப்பதே இதற்கு மருந்து என்று காட்டினார்.

எறிகிற நேரம்

பெருக்கியாயிற்று, மடித்தாயிற்று, பரணும் நிரம்பியாயிற்று. இன்னும் ஒரே ஒரு கட்டம் கேட்டு ஒரு செயலி நிற்கிறது. கொடுத்தாக வேண்டும், இடமில்லை. என்ன வழி? கையைக் கட்டிக்கொண்டு நின்றால் யந்திரம் முழுவதும் உறைந்துவிடும். ஆகவே கெர்னல் ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்துக் கடலில் எறிகிறார்.

லினக்ஸில் இந்தப் பொல்லாத பொறுப்பைச் செய்யும் பகுதியை முதலில் எழுதியவர் ரிக் வான் ரீல் என்ற டச்சுக்காரர். 1658-ல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்களே, அந்த டச்சுக்காரர்களின் தேசத்தவர். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, எத்தனை நேரமாக ஓடுகிறது என்றெல்லாம் பல விஷயங்களை எடை போட்டு அவருடைய கணக்கு மார்க்குப் போட்டது. இந்தக் கணக்கு சிக்கலாக இருக்கிறது, விபரீதமாகத் தேர்ந்தெடுக்கிறது என்று புகார் வந்து, 2010-ல் புதிதாக எழுதினார்கள். இப்போதைய கணக்கு எளிது. மொத்த இடத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு பிடித்திருக்கிறது? அதுதான் மார்க்கு. அதிக மார்க்கு வாங்கியது அவுட்! நம் தண்டல் சொன்னதும் அதுதான்: நூறு சின்னச் சிப்பம் வேண்டாம், ஒரு பெரிய மூட்டை போதும்.

எறிகிற விதமும் பயங்கரம். சாதாரணமாக ஒரு செயலியை மூடும்போது "கிளம்புகிறாயா?" என்று கேட்டு, செய்த வேலையைப் பத்திரப்படுத்த அவகாசம் கொடுப்பார்கள். இங்கே அது கிடையாது. கெர்னல் அனுப்புவது 9-ஆம் எண் உத்தரவு. அந்த உத்தரவை எந்தச் செயலியும் மறுக்க முடியாது, தாமதிக்கவும் முடியாது. பாதி எழுதிய கடிதம் பாதியிலேயே போகும்.

எறியவே கூடாதவையும் உண்டு. யந்திரம் கண் விழித்ததும் முதலில் பிறந்து மற்றவற்றுக்கெல்லாம் தாயாக நிற்கும் முதல் செயலியைத் தொடமாட்டார். தம்முடைய சொந்தப் பணியாட்களையும் தொடமாட்டார். அவைதான் சுக்கானும் திசை பார்க்கும் பெட்டியும்.

ஆனால் ஒரு அநியாயம் இருக்கிறது, கவனித்தீர்களா? எறியப்படுவது பெரிய மூட்டையே தவிர, குற்றம் செய்த மூட்டை அல்ல. கடைசிக் குடம் தண்ணீர் கேட்டவள் ஒருத்தி; குழாயடியிலிருந்து விரட்டப்படுகிறவள் இன்னொருத்தி. ஒரு பெரிய ஸ்தாபனத்தில் கணக்கையெல்லாம் தாங்கி நிற்கும் செயலிதான் அதிக இடம் பிடித்திருக்கும். அற்பமான ஒரு செயலி இடத்தை ஒழுகவிட்டுக்கொண்டே இருக்க, பாவம், கணக்குப்பிள்ளை கடலில் போவார். கெர்னலுக்குக் கனம் தெரியும், அருமை தெரியாது.

அருமையைச் சொல்லவேண்டியவர் எஜமானர். அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செயலியின் நெற்றியிலும் ஒரு குறி எழுதலாம். கழித்தல் 1000 என்று எழுதினால், அதை எறியவே கூடாது. கூட்டல் 1000 என்று எழுதினால், ஆபத்து வந்ததும் அதுதான் முதல் பலி. எழுதாமல் விட்டால், எடையை மட்டும் பார்த்து எறிவார். அப்புறம் "ஐயோ, அதையா எறிந்தாய்?" என்று அழுது பிரயோஜனமில்லை.

கைபேசியில் நடப்பது

இப்போது சகோதரியின் மின்சாரக் கட்டணத்துக்கு வருவோம். கைபேசியில் கடைசி நிமிஷம் வரை காத்திருக்க முடியாது. விரல் வைத்த இடத்தில் பதில் வரவேண்டும். ஆகவே ஆண்டிராய்டில், நெருக்கடி முற்றுவதற்கு முன்பே ஆட்களைக் குறைக்கும் காரியஸ்தர் ஒருவர் தனியாக இருக்கிறார். குறி எழுதும் வேலையையும் கைபேசியே செய்துவிடுகிறது. நீங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் செயலிக்குக் குறி 0. பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பதற்குக் கொஞ்சம் அதிகம். நீங்கள் பார்த்து முடித்து விட்டுவிட்டவை 900-க்கும் மேலே. அதிகக் குறி உள்ளதுதான் முதலில் போகும்.

பணம் கட்டும் பக்கம் கண் முன்னால் இருந்த வரையில் அது மகாராணி. ரகசிய எண்ணைப் பார்க்க நீங்கள் அந்தண்டை நகர்ந்தவுடன் அது பழைய சம்பந்தி! அந்த நேரம் பார்த்து இடமும் குறைந்தால், வெளியேற்றம்தான். நல்லபடி எழுதப்பட்ட செயலி, நீங்கள் நகரும்போதே தான் நின்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, திரும்பினால் அதே பக்கத்தைக் காட்டும். அப்படி எழுதாத செயலி, முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். ஆக, மூடியவர் தண்டல். ஆனால் மூட்டைக்கு அடையாளம் எழுதி வைக்காத குற்றம் செயலி எழுதினவருடையது.

இன்னொன்று. சிலர் மணிக்கொரு தரம் எல்லாச் செயலிகளையும் விரலால் தள்ளி மூடிவிட்டு, வீடு பெருக்கினாற் போல் திருப்தி அடைகிறார்கள். அது தேவையில்லாத சிரமம். சும்மா கிடக்கும் செயலியை வேண்டும்போது காரியஸ்தரே அகற்றிவிடுவார். நீங்கள் மூடிவிட்டு மறுபடி திறந்தால் அடியிலிருந்து அடுப்பு மூட்டியாக வேண்டும், பாட்டரிதான் செலவு. பணம் கட்டுவதற்கு முன்னால் பெரிய விளையாட்டையும் சினிமாவையும் மட்டும் மூடுங்கள். அது போதும்.

மின்சாரக் கட்டணம் போனால் மறுபடி கட்டலாம். ஆனால் இதே கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களே! எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையம் மீனவர்களுக்காக 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்று ஒரு செயலி தந்திருக்கிறது. காற்றும் அலையும் எப்படி என்று தமிழிலேயே சொல்லும். சர்வதேசக் கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். இம்மாதிரிச் செயலி பின்னணியில் விழித்துக்கொண்டே இருக்கவேண்டும். நாலு வீடியோ பார்த்ததற்காகக் காரியஸ்தர் அதை வெளியேற்றிவிட்டால், கரையில் காத்திருக்கும் பெண்மணியின் கதி என்ன? ஆகையால்தான், இடைவிடாமல் ஓடவேண்டிய செயலிக்கு ஆண்டிராய்டு ஒரு விதி வைத்திருக்கிறது. "நான் விழித்திருக்கிறேன்" என்று திரையின் மேல் வரிசையில் ஒரு அடையாளத்தை அது காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். காட்டினால், எளிதில் எறியப்படாத குறி கிடைக்கும். அந்தச் சின்ன அடையாளம் கண்ணை உறுத்துகிறது என்று அலட்சியம் செய்யாதீர்கள்.

சந்திரனிலும் இதே கதை

இதன் உச்சமான சம்பவம் பூமியில் நடக்கவில்லை. 1969 ஜூலை 20-ந் தேதி, ஆர்ம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கம்ப்யூட்டரில் '1202' என்ற அபாய எண் தோன்றியது. அவர்களுடைய யந்திரத்தில் எழுதி அழிக்கக்கூடிய இடம் 2,048 சொற்கள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய கைபேசியில் லட்சக்கணக்கில் இருக்கும் கட்டங்களில் ஒரே ஒரு கட்டம்! நிரந்தரமான கட்டளைகள் வேறு இடத்தில் இருந்தன. அவற்றை அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் ஊசியில் கம்பி கோத்து, மணி மணியாகக் கையால் பின்னியிருந்தார்கள்.

அன்று அவசியமில்லாத ஒரு ராடார் கம்ப்யூட்டரின் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தது. பழைய வேலை முடிவதற்குள் புதிய வேலை வந்து நின்றது. வேலைகளை உட்கார வைக்கும் இடம் தீர்ந்துபோயிற்று. '1202' என்றால் அதுதான் அர்த்தம். ஆனால் அந்த யந்திரத்துக்கு எழுதியவர்கள் எது அவசியம், எது அவசியமில்லை என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தியிருந்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணி. யந்திரம் எல்லாவற்றையும் ஒரே உதறலில் உதறிவிட்டு, இறங்குவதற்கு வேண்டிய கணக்கை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அபாய எண் சில தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்தது. இருவரும் பத்திரமாக இறங்கினார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2004 ஜனவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியிருந்த 'ஸ்பிரிட்' என்ற வண்டி திடீரென்று பேச்சு மூச்சில்லாமல் போயிற்று. அதன் பரணில் ஏடுகள் மிதமிஞ்சிச் சேர்ந்துவிட்டன. விழித்தவுடன் அவற்றுக்கு ஜாபிதா எழுதப் போனது; ஜாபிதாவுக்கே மேடையில் இடம் போதவில்லை. உடனே மயக்கம், மறுபடி விழிப்பு, மறுபடி ஜாபிதா, மறுபடி மயக்கம் என்று திரும்பத் திரும்ப நடந்தது. கடைசியில் பூமியிலிருந்தே ஏடுகளை அழிக்கச் சொல்லிப் பிழைக்க வைத்தார்கள். எதை எறிவது என்று முன்னால் சொல்லி வைக்காத தோணி அது.

எண்ணிய பிறகே குளிப்பு

ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இருக்கலாம். இருக்கிற இடத்துக்கு மேல் வாக்கே கொடுக்காதே என்று கெர்னலுக்குக் கட்டளையிட வழி இருக்கிறது. தூத்துக்குடி முத்துக்குளிப்பு அப்படித்தான் நடந்தது. கடலடியில் சிப்பி விளையும் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். அதிகாரிகள் முதலில் பாரைச் சோதிப்பார்கள். கொஞ்சம் சிப்பி எடுத்து, வயதையும் முத்தின் மதிப்பையும் கணக்கிடுவார்கள். தேறும் என்று கண்ட பிறகே குளிப்புக்கு அறிவிப்பு. 1961-ல் கடைசியாக அங்கே முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை.

கண்டிப்பில் பத்திரம் உண்டு. ஆனால் பாதி மேடை எப்போதும் காலியாகக் கிடக்கும். தாராளத்தில் சௌகரியம் உண்டு. ஆனால் என்றைக்காவது ஒரு நாள் எறிய வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இவ்வளவுதான் என்று தனித்தனி அளவு கட்டி, மீறினால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஆளை எறியும் ஏற்பாடும் 2008 முதல் லினக்ஸில் வந்திருக்கிறது. அண்டை வீட்டு ஊதாரித்தனத்துக்கு நம் வீட்டு உலை கவிழ வேண்டாம் அல்லவா?

எறிந்த சரக்கு யாருடையது?

தண்டலிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணாச்சி, எறிந்த மூட்டை ஒரு வியாபாரியுடையது. தோணி பிழைத்தது. மற்றவர்கள் சரக்கும் பிழைத்தது. நஷ்டம் யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். அவர் மூட்டை போனதாலதான இவங்க மூட்டை கரைக்கு வந்துருக்கு? அவர் தலையில மட்டும் கட்டினா அது நாயமா, தம்பி?"

அவர் சட்டம் படித்தவர் அல்ல. ஆனால் ரோடஸ் தீவின் கடல் வழக்கத்திலிருந்து எடுத்து, ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் ரோமாபுரிச் சட்டத் தொகுப்பில் எழுதி வைத்திருப்பது இதைத்தான். நம் நாட்டுக் கடல் இன்ஷூரன்ஸ் சட்டம், 1963-லும் இந்தத் தத்துவம் இருக்கிறது. எல்லோரையும் காப்பாற்றுவதற்காக ஒருவர் இழந்ததை, பிழைத்தவர் அனைவரும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும். இந்த ஒரு விஷயம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அங்கே எறியப்பட்டது எறியப்பட்டதுதான்.

நம் குடும்பத் தோணிக்கு இது தெரிந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். மாசக் கடைசியில் பாரம் மிஞ்சுகிறது. எதை எறிகிறோம்? அப்பாவின் பத்திரிகைச் சந்தா நிற்பதில்லை, பிள்ளையின் டியூஷன் நிற்பதில்லை, நிற்கக் கூடாதுதான். சத்தமில்லாமல் கடலில் போவது அம்மாவின் டானிக்கும், அவள் போட்டுக்கொள்ள வேண்டிய மூக்குக் கண்ணாடியும், டாக்டரிடம் போவதாக இருந்த புதன்கிழமையும். ஏனென்றால் எறிகிற தண்டலும் அவளே. கைக்குச் சட்டென்று வருவது அவளுடைய மூட்டையே. பிழைத்துக் கரை சேர்ந்தவர்களில் ஒருவரும் பங்கு கொடுப்பதில்லை. எறிந்ததே அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே, காற்று அடிக்காத நல்ல நாளாகப் பார்த்து, மாசம் பிறந்தவுடன், வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு ஜாபிதா எழுதுங்கள். எதை முதலில் விடலாம், எதைத் தொடவே கூடாது என்று எல்லோர் காதிலும் விழும்படி எழுதுங்கள். அதில் உங்கள் மருந்துச் சீட்டுக்கு நேரே, தைரியமாக, கழித்தல் 1000 என்று போடுங்கள். குடும்பத்துக்கு அதுதான் குடிதண்ணீர்ப் பீப்பாய்.